ஆய்வை நிறுத்துவதா, மெதுவாக்குவதா, நீட்டுவதா? திருகோணமலையில் இருந்து ஓர் ஒப்பீட்டு அலசல்

திருகோணமலையில் இருந்துகொண்டு கலாநிதிப் பட்டத்துக்கோ (முனைவர் பட்டம்) முதுதத்துவமாணிக்கோ (எம்ஃபில்) பதிந்திருப்பவர்களில் பலருக்கு ஆய்வு இரண்டாவது வேலைதான். பகலில் பாடசாலை, வைத்தியசாலை, கச்சேரி (மாவட்டச் செயலகம்), இல்லாவிட்டால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் விரிவுரை. இரவில் ஆய்வேடு. பதிவு வேறெங்கோ இருக்கும்: பேராதனை, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, தமிழ்நாடு, சிலருக்கு இங்கிலாந்து, அவுஸ்திரேலியா. இடையில் பிள்ளை பிறக்கிறது, இடமாற்றக் கடிதம் வருகிறது, மேற்பார்வையாளர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விடுகிறார். பதிவில் ஏதாவது மாற்றம் செய்தே ஆகவேண்டிய நிலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையோடு ஆய்வு செய்பவர் முதல் வருடத்திலேயே பகுதிநேரத்துக்கு மாறிவிடுவது, கடைசி வருடத்தில் கால நீடிப்புக் கேட்டு அலைவதைவிட எவ்வளவோ மேல். இடைநிறுத்தம் நல்ல வழிதான். ஆனால் எப்போது முடியும் என்று தெரிந்த பிரச்சினைக்குத்தான் அது பொருந்தும்.

எந்த வழியை எடுத்தாலும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் பதிவுக்காலம், உதவித்தொகை, விசா, வேலையிடம் தந்த கல்வி விடுப்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. ஒன்றை நிறுத்தினால் மற்றது தானாக நிற்காது. பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

இடைநிறுத்தமா, பகுதிநேரமா?

இடைநிறுத்தத்தில் பதிவு உயிரோடு இருக்கும், காலக்கணக்கு நிற்கும். பல இடங்களில் அந்தக் காலத்துக்குக் கட்டணமும் இல்லை, அல்லது குறைவு. பதிலுக்கு நீங்கள் மேற்பார்வையையும் ஆய்வுகூடத்தையும் விட்டுக்கொடுக்கிறீர்கள். "லீவு எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து எழுதி முடித்துவிடலாம்" என்று போடும் திட்டம் அநேகமாகச் சரிவருவதில்லை. லீவில் இருக்கும் மாணவரின் அத்தியாயத்தை வாசிக்கும் கடமை மேற்பார்வையாளருக்கு இல்லை. பகுதிநேரத்தில் அப்படியில்லை. ஆய்வு மெதுவாகப் போனாலும் தொடர்பு அறாது, முன்னேற்ற அறிக்கையும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்.

பிரசவம், சத்திரசிகிச்சை, வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் சில மாதங்கள் போன்றவற்றுக்கு இடைநிறுத்தமே சரி. அந்த நேரத்தில் பகுதிநேரத்துக்கு மாறுவது வீண். அரை நேரம் வேலை செய்யவும் அப்போது முடியாது, ஆனால் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். புதிய அதிபர் பொறுப்பு, தூரத்துப் பாடசாலைக்கு இடமாற்றம், இரவுக் கடமை மாதிரியான விஷயங்கள் வேறு. அவற்றுக்கு முடிவு திகதி கிடையாது. ஆறு மாதம் லீவு எடுத்தால் ஆறு மாதம் கழித்தும் அதே பாடசாலை, அதே பஸ். இவர்களுக்குப் பகுதிநேரம்தான்.

அரசாங்க வேலையில் இருக்கும் ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். அவருக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள் பிரசவ விடுமுறை உண்டு. அந்த விடுமுறைக் கடிதம் போவது வலயக் கல்விப் பணிமனைக்கு. அவர் பதிந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. அங்கே தனியாக விண்ணப்பிக்காவிட்டால், பிள்ளை பெற்ற மாதங்களும் ஆய்வு மாதங்களாகவே எண்ணப்படும். பிறகு போய்ப் பின்திகதியிட்டுத் தாருங்கள் என்று கேட்டால் கிடைப்பது அரிது. வைத்தியச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே கேட்பவருக்கு அநேகமாகக் கிடைக்கும்.

கள ஆய்வு செய்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது, விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடம் இராது. கொட்டியாரக் குடா மீன்பிடியையோ நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைப் பவளப்பாறையையோ ஆராய்பவருக்குக் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான். ஒக்டோபரில் இடைப்பருவ மழை தொடங்கி, டிசெம்பரில் வடகீழ்ப் பருவக்காற்றும் வந்துவிட்டால், அது முடியும்வரை படகை நம்பித் தரவு சேகரிக்க முடியாது. ஏப்ரலில் ஆறு மாத லீவு எடுப்பவர் தாளில் இழப்பது ஆறு மாதம், உண்மையில் இழப்பது ஒரு வருடம். அதே லீவை ஒக்டோபரில் எடுத்தால் பருவம் தப்பாது. பிரசவத்தை இப்படித் திட்டமிட முடியாது, சரி. ஆனால் பல லீவுகளை ஓரிரு மாதம் முன்பின் நகர்த்தலாம். அப்புறம் அனுமதிகள். புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே ஆய்வு செய்ய வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உங்கள் பதிவு நின்றிருக்கும் காலத்தில் அந்த அனுமதியின் காலம் நிற்காது. மனிதர்களிடம் தரவு சேகரிப்பவர்களுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இதே மாதிரித்தான். லீவு விண்ணப்பத்தோடு சேர்த்து இவற்றைப் புதுப்பிக்கும் திகதியையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்துடன் கல்வி விடுப்பில் இருப்பவர்கள் பகுதிநேரம் என்ற சொல்லை எடுக்குமுன் தங்கள் பிணைமுறியை (விடுப்புக்காக நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தை) ஒருமுறை வாசிக்க வேண்டும். முழுநேர ஆய்வுக்கென்று விடுப்பு வாங்கிவிட்டுப் பதிவை அரைநேரமாக்கினால், விடுப்பின் அடிப்படையே ஆட்டம் காணும். இவர்களுக்குக் குறுகிய இடைநிறுத்தம் பரவாயில்லை, அதுவும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்த பிறகு.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விசாவே தீர்மானிக்கிறது. அவுஸ்திரேலியாவில் மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேரமாகவே படிக்க வேண்டும், ஆகவே பகுதிநேரம் என்ற கதவு அநேகமாக மூடியது. இடைநிறுத்தத்துக்கும் நோய், குடும்பத்தில் மரணம் போன்ற வலுவான காரணமும் ஆவணமும் வேண்டும். இங்கிலாந்தில் 60 நாளுக்கு மேல் படிப்பை நிறுத்தினால் பல்கலைக்கழகம் பொதுவாக விசா அனுசரணையை விலக்கிக்கொள்ளும். ஊருக்கு வந்து, பிறகு புதிதாக விசா எடுத்துத்தான் திரும்ப வேண்டும். ஆறு மாத லீவுக்கும் இரண்டு மாத லீவுக்கும் இடையே அங்கே இருக்கும் வித்தியாசம் நான்கு மாதம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கால நீடிப்பு

எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் வழி இது. எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத வழியும் இதுதான். இடைநிறுத்தம் நாள்களைச் சேமித்துத் தரும். நீடிப்பு, நாள்கள் தீர்ந்த பிறகு கடனாகக் கேட்பது. கட்டணம் தொடரும், உதவித்தொகை பெரும்பாலும் தொடராது. அவுஸ்திரேலிய அரசின் ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் கலாநிதிப் படிப்புக்கு உச்சவரம்பு 4 வருடம். அதற்கப்பால் பல்கலைக்கழகம் நீடிப்புத் தந்தாலும் அந்தத் திட்டத்தில் இருந்து பணம் வராது.

இந்தியாவில் கணக்கு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 வருடம், கூடியது 6 வருடம். மீள்பதிவு செய்தால் மேலும் 2 வருடம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 வருடம். பெண் ஆய்வாளர்களுக்கு முழுக் காலத்திலும் 240 நாள்வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. தமிழ்நாட்டில் பதிந்திருக்கும் ஒரு பெண் சித்த மருத்துவர் பகுதிநேரமாகப் பதிந்துகொண்டு, 240 நாளையும் தேவைப்படும்போது எடுத்து, மீள்பதிவைக் கடைசிக் கையிருப்பாக வைத்திருந்தால் பெரிய நெருக்கடி வராது. நம்மவர்கள் பலர் செய்வது தலைகீழ். விடுப்பே எடுக்காமல் ஆறாவது வருடம்வரை இழுத்துவிட்டு, மீள்பதிவில் தொடங்குகிறார்கள்.

நீடிப்புக் கேட்டே ஆகவேண்டுமென்றால், ஏன் தாமதமானது என்று இரண்டு பக்கம் எழுதுவதில் பிரயோசனம் குறைவு. முடிந்த அத்தியாயங்களை இணைத்து, மீதி எந்த மாதத்தில் எது என்று ஒரு அட்டவணை போடுங்கள். குழுவில் இருப்பவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

மேற்பார்வையாளரை மாற்றுவதா, தலைப்பை மாற்றுவதா?

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இருந்து வெளிநாடு போன கல்வியாளர்கள் பலர். மேற்பார்வையாளர் போய்விட்டால் உடனே இன்னொருவரைத் தேடத் தோன்றும். அதற்கு முன் ஒரு கேள்வி: போனவர் இணை மேற்பார்வையாளராகத் தொடர்வாரா? தொடர்வாரென்றால், உள்ளே இருப்பவர் ஒருவரை முதன்மையாக்கி அவரை இணையாக வைத்துக்கொள்வது நல்லது. தலைப்புக் காப்பாற்றப்படும். முழுவதும் புதியவர் வந்தால் அவருக்குத் தெரிந்த பக்கம் ஆய்வு மெல்லச் சாயும், கடைசியில் தலைப்பு மாற்றமும் சேர்ந்தே வரும். பாதித் தரவு சேர்ந்த பிறகு தலைப்பை அடியோடு மாற்றுவதைவிட, மேற்பார்வையாளரை மாற்றுவது எப்போதும் மலிவு. தலைப்பின் எல்லையைச் சுருக்குவது வேறு விஷயம். அதைத் தயங்காமல் செய்யலாம்.

தமிழ்நாட்டில் பதிபவர்கள் வழிகாட்டியின் ஓய்வு வயதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வுக்கு 3 வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்க முடியாது. ஏற்கனவே எடுத்தவர்களோடு ஓய்வுவரை தொடரலாம், பிறகு 70 வயதுவரை இணை வழிகாட்டியாக இருக்கலாம். நமக்குச் சாதகமான ஒரு விதியும் அங்கே உண்டு. வழக்கமான எண்ணிக்கைக்கு மேலதிகமாக ஒவ்வொரு வழிகாட்டியும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இருவர்வரை எடுக்கலாம். "இடம் நிரம்பிவிட்டது" என்று பதில் வந்தால் இதைக் குறிப்பிட்டு மறுபடி கேட்கலாம்.

முதுதத்துவமாணிக்கு இறங்குவது

ஊரில் இதைத் தோல்வி மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், கலாநிதி 12ஆம் மட்டம். நம்மூரில் பலர் முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிந்து, பிறகு தரமுயர்த்திக்கொள்வதுதான் வழக்கம். ஏறிய படியில் ஒன்று இறங்குவதில் வெட்கம் எதற்கு? தகுதிகாண் விரிவுரையாளர் ஒருவருக்கு நியமனத்தை உறுதிப்படுத்திக்கொள்ள, ஆய்வேட்டோடு கூடிய முதுதத்துவமாணி பொதுவாகப் போதும். கையில் இருக்கும் தரவு நல்ல மூன்று அத்தியாயத்துக்குக் காணும், ஐந்துக்குக் காணாது என்றால், இரண்டாவது கால நீடிப்பைவிட இதுவே நேர்மையான வழி. கலாநிதிப் பட்டத்தைப் பிறகு புதிதாகத் தொடங்கலாம்.

இந்த வழி இலங்கையில் உண்டு, இந்தியாவில் இப்போது இல்லை. அதே 2022 ஒழுங்குவிதி அங்கே எம்ஃபில்லை நிறுத்திவிட்டது. அங்கே பதிந்தவருக்கு முனைவர் பட்டம் அல்லது வெறுங்கை.

பதிவை ரத்துச் செய்துவிட்டுப் புதிதாகப் பதிவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மேற்சொன்ன எதுவும் பொருந்தாதபோது மட்டும். கட்டிய காசு திரும்பாது, பழைய மாதங்கள் புதிய பதிவில் எண்ணப்படும் என்ற உறுதியும் இல்லை. அப்படி விலகத்தான் வேண்டுமென்றால், இதுவரை முடித்த பாடநெறிகளுக்குப் பெறுபேற்றுச் சான்றிதழையும், சேகரித்த தரவை நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று மேற்பார்வையாளரின் எழுத்துமூல ஒப்புதலையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகு விலகல் கடிதத்தைக் கொடுங்கள்.