சிஐடிபியா இல்லையா: ஷாக் டெஸ்ட்டா, ஸ்கேனா?

ரெண்டு மாசத்துக்கும் மேல கைகால் பலம் கொஞ்சம் கொஞ்சமா குறையுது, படி ஏற முடியல, விரல் மரத்துப்போகுது, முட்டிய தட்டினா கால் உதறவே மாட்டேங்குதுன்னா டாக்டர் யோசிக்கிற வியாதிகள்ல சிஐடிபி ஒண்ணு. நரம்பு மேல இருக்கிற மையலின் உறைய நம்ம எதிர்ப்பு சக்தியே அரிக்கிறது. இதக் கண்டுபிடிக்க என்சிஎஸ்ஸா (நரம்புல லேசா ஷாக் கொடுத்து சிக்னல் போற வேகத்த அளக்கிற டெஸ்ட்) அல்ட்ராசவுண்டான்னு கேட்டா நான் என்சிஎஸ் கட்சி, ஆனா ஸ்கேன விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

என்சிஎஸ்ல மணிக்கட்டுல ஒரு ஷாக், முழங்கைல ஒரு ஷாக், ரெண்டு தடவையும் கட்டைவிரல் சதை வெடுக்குன்னு துள்ளும், நடுவுல இருக்கிற தூரத்த நேர வித்தியாசத்தால வகுத்தா வேகம் கிடைச்சிடும். கைல நல்ல நரம்புன்னா செகண்டுக்கு சுமார் 50 மீட்டரும் அதுக்கு மேலயும் போகும், உறை போயிட்டா 30க்குக் கீழ கூட இறங்கும். அதவிட முக்கியம், சதை துள்ளுறத மெஷின் அலையா காட்டும்போது, மணிக்கட்டுல ஷாக் வச்சா பெரிய அலை முழங்கைல ஷாக் வச்சா குட்டி அலைன்னா நடுவுல சிக்னல் எங்கயோ அடைபடுது, இத எந்த ஸ்கேனும் காட்டாது.

ஆனா ஏமாறுறதும் இங்கதான். கை ஜில்லுன்னு இருந்தாலே வேகம் குறையும், டிகிரிக்கு சுமார் 2 மீட்டர், அதனால உள்ளங்கை 33 டிகிரி, கணுக்கால் 30 டிகிரியாவது இருக்கணும். மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருந்தாலும் அங்க சிக்னல் லேட்டாத்தான் வரும், சுகர்காரங்களுக்கும் வேகம் கொஞ்சம் குறையும், இதையெல்லாம் சிஐடிபின்னு எழுதி வருஷக்கணக்கா ஸ்டீராய்டு ஏத்தினா யார் பொறுப்பு?

அல்ட்ராசவுண்ட்ல வலியே இல்ல. ஜெல் தடவி மணிக்கட்டுல இருந்து அக்குள் வரைக்கும் ப்ரோப இழுத்துட்டே போனா நரம்பு தேன்கூடு மாதிரி தெரியும், அங்கங்க ஊதியிருந்தா அளந்துக்கலாம். 2021ல வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் படி மீடியன் நரம்பு (கை நடுவுல ஓடுற பெரிய நரம்பு) முன்கைல 10 சதுர மில்லிமீட்டர், மேல்கைல 13 தாண்டினா வீக்கம். ஷாக் வச்சு பிடிக்க கஷ்டமான கழுத்துப் பக்கத்து நரம்பையும் இதுல பார்த்துடலாம், அங்க இதுதான் கில்லி. ஆனா வீக்கம்னாலே சிஐடிபி இல்ல, பரம்பரையா வர்ற சிஎம்டி 1ஏங்கிற நரம்பு வியாதிலயும் நரம்பு தடிக்கும், பெரும்பாலும் ஒரே சீரா, சிஐடிபில திட்டு திட்டா.

அதனால வரிசை இப்படித்தான்: என்சிஎஸ்ல ரெண்டு மோட்டார் நரம்புல (சதைய அசைக்கிற நரம்பு) உறை சேதம் க்ளியரா தெரிஞ்சு அறிகுறியும் ஒத்துப்போனா ஸ்கேன் கட்டாயமில்ல. ஒரே நரம்புல மட்டும் மாட்டி, இருக்கலாம்னு இழுத்துட்டு நிக்கும்போது ஸ்கேனுக்குப் போங்க, குறைஞ்சது ரெண்டு இடத்துல வீங்கியிருந்தா அது ஒரு துணை ஆதாரம். எதுக்கும் என்சிஎஸ் ரிப்போர்ட்ல கை சூடு எழுதியிருக்கான்னு ஒரு தடவ பார்த்துடுங்க.