‘கரும்புள்ளியே வராத’ ஒட்டு ரோஜா பார்சல்: வாங்கும் முன் பாருங்கள்

வீட்டிலேயே ரோஜா கிராஸ் செய்பவர்களை (இரு ரகங்களைக் கலந்து புது ரகம் உருவாக்குபவர்களை) குறிவைத்து, ‘நாக் அவுட் ஒட்டு, கரும்புள்ளி வராது’ என்று தாய்ச்செடி விற்கிறார்கள். கரும்புள்ளி என்பது ரோஜா இலையைக் கொட்டவைக்கும் பூஞ்சாண நோய்; நாக் அவுட் அதைத் தாங்குவதற்குப் பெயர் போன ரகம். வந்த செடி மூன்று வாரம் பளபளவென்று நிற்கும். நல்ல மழை பெய்ததும் கீழ் இலைகள் மஞ்சளாகிக் கொட்டும். கேட்டால், “தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க” என்பார்கள்.

அனுப்பும் முன் பூஞ்சாணக்கொல்லி அடித்துவிடுவதுதான் சூட்சுமம். இலையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். வெளிர்மஞ்சள் பொடி ஒட்டினால் அநேகமாக மேன்கோசெப். டெபுகோனசோல் மாதிரி ஊடுருவும் மருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஆறு வாரம் எதுவும் அடிக்காமல் ஒதுக்கி வைத்து, அதன்பின் துளிர்த்து விரிந்த இலையைச் சோதிக்க வேண்டும்.

மூடியுள்ள டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்து, அந்த இலையையும் கரும்புள்ளி கட்டாயம் வரும் வேறொரு செடியின் இலையையும் மேல்பக்கம் தெரிய வையுங்கள். நோய் கண்ட இலையை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கசக்கி, அந்தத் தண்ணீரை இரண்டிலும் சொட்டுங்கள். ஏழு மணி நேரமாவது ஈரம் நிற்காவிட்டால் பூஞ்சாண வித்து இலைக்குள் இறங்காது. ஒரு நாள் முழுக்கக் காயவிடாதீர்கள். 20 முதல் 25 டிகிரிக்குள், நிழலில். பத்து நாளில் ஓரம் பிசிறிய கறுப்புப் புள்ளி தெரியும். ஒப்பீட்டு இலையிலும் வரவில்லையா, சோதனை செல்லாது. சென்னை மே மாதச் சூட்டில் எந்தச் செடியும் தேறிவிடும்!

தேறினாலும் முழு நம்பிக்கை வேண்டாம். கரும்புள்ளிப் பூஞ்சாணத்தில் பல இனங்கள். ஒன்றைத் தாங்கும் செடி மற்றொன்றில் விழும். அசல் நாக் அவுட்டுக்கே செர்கோஸ்போரா என்ற வேறு பூஞ்சாணத்தின் இலைப்புள்ளி வரும். நாக் அவுட் டிரிப்ளாய்டு (மூன்று தொகுதி குரோமோசோம் உள்ளது) என்பதால் விதையும் குறைவாகத்தான் பிடிக்கும்.

ஒட்டின் மொட்டு செத்து, கீழிருந்து வேர்ச்செடி (ஒட்டுக்கு அடித்தளமான காட்டு ரோஜா) கிளம்பிய செடியையும் தள்ளிவிடுகிறார்கள். ஏழு சிற்றிலை இருந்தாலே காட்டுச்செடி என்பது தப்பு. நல்ல ரகங்களிலும் ஏழு வரும். கிளை ஒட்டுக்கட்டுக்கு மேலா கீழா என்று பாருங்கள். வேர்ச்செடி மல்டிஃப்ளோரா என்ற காட்டு ரோஜா என்றால் இலைக்காம்பின் அடிச்செதில் சீப்புப்பல்லாகக் கிழிந்திருக்கும்.

‘நாக் அவுட் விதை’ பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். ஒட்டு ரகம் விதையில் அப்படியே வராது. செடி வாங்குவதானால், மருந்தடிக்காத தாய்ச்செடியின் கீழ் இலைகளை மழைக்காலத்தில் எடுத்த வீடியோ கேளுங்கள். பூ படம் மட்டும் அனுப்பினால் பணம் போடாதீர்கள்.