எடை குறைய வாங்கிய அமினோ அமிலத் தூள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பனில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுகளில் வரும் கொஞ்ச மீனுக்கும் விலை ஏறிவிடும். எங்கள் வீட்டில் மீன் குறைந்து சோறு கூடியிருந்த அந்த நாட்களில்தான், 72 கிலோ எடையை எப்படியாவது குறைக்க வேண்டும் என்று இராமநாதபுரத்தில் ஒரு கடையில் இந்த அமினோ அமிலத் தூளை வாங்கினேன். 240 கிராம் டப்பா, 30 கரண்டி, விலை 1,350 ரூபாய். காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் கொழுப்பு தானாகக் கரையும் என்று கடைக்காரத் தம்பி உறுதியாகச் சொன்னார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முத்திரை ஒழுங்காக இருந்தது, டப்பாவில் தூளின் எடையும் குறையவில்லை, எலுமிச்சை வாசனை உறுத்தவில்லை. ஆனால் தண்ணீரில் போட்டவுடன் தூளில் ஒரு பகுதி கரையாமல் மேலே வெள்ளையாக மிதந்து, எவ்வளவு கலக்கினாலும் டம்ளரின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. குடித்து முடித்த பிறகு அடித்தொண்டையில் ஒரு கசப்பு நின்றது. இது கலப்படம் அல்ல. லியூசின் என்ற அமினோ அமிலத்தின் இயல்பே அதுதான்: தண்ணீரோடு எளிதில் சேராது, கசக்கும். கடற்காற்றின் ஈரம்தான் பெரிய தொல்லை. இரண்டாவது வாரத்தில் டப்பாவுக்குள் தூள் கட்டிதட்டிப்போய், கரண்டிக் காம்பால் குத்தி எடுக்க வேண்டியதாயிற்று. கரையோர ஊர்களில் இருப்பவர்கள் இதைச் சிறு சிறு பொட்டலங்களாக விற்றால் மட்டும் வாங்கலாம்.

என்னை உண்மையில் வருத்தியது லேபிள்தான். நம் உடலின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் 9 வகையை உடல் தானே செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். இந்தத் தூளில் இருப்பவை லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று மட்டுமே, கரண்டிக்கு 6 கிராம். லியூசின் தசைப் புரதம் உருவாவதைத் தூண்டிவிடும் என்பது மெய்தான். ஆனால் மீதி ஆறும் கையில் இல்லாமல் உடல் எதை வைத்துத் தசையைக் கட்டும்? கொத்தனாரை அழைத்துவிட்டு, செங்கல் வாங்காமல் உட்கார்ந்திருப்பதைப் போன்றது அது. கலோரி பூஜ்யம் என்றும் போட்டிருக்கிறார்கள். அமினோ அமிலமும் எரிந்தால் கிராமுக்கு ஏறத்தாழ 4 கலோரி தரும், ஆகவே ஒரு கரண்டிக்கு 24 கலோரியாவது உண்டு. அளவு சிறிதுதான், ஆனாலும் தவறான தகவல் தவறுதான்.

கொழுப்பைக் கரைக்கும் வேலையை எந்த அமினோ அமிலமும் தானாகச் செய்வதில்லை. புரதம் எடைக்கு உதவுவது வேறு வழியில்: பசியை அடக்குகிறது; அது தரும் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் வரை செரிமானத்துக்கும் உடல் அதைக் கையாளுவதற்குமே செலவாகிறது; சாப்பாட்டைக் குறைக்கும் காலத்தில் தசை கரையாமல் காக்கிறது. இதற்கு அந்த ஒன்பதும் அடங்கிய முழுப் புரதம் போதிய அளவில் வேண்டும். கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த கணக்கில் எனக்குத் தேவை ஏறக்குறைய 60 கிராம். காலையில் இட்லி, மதியம் சோறும் குழம்பும், இரவு தோசை என்று நான் சாப்பிட்டதைக் கூட்டிப் பார்த்தால் 40-ஐத் தாண்டவில்லை. இந்தக் குறையை 6 கிராம் தூள் அடைக்காது.

ஒரு மாதம் விடாமல் குடித்தும் எடை அரைக் கிலோகூட இறங்கவில்லை. தடைக்காலம் முடிந்ததும் தூளை நிறுத்திவிட்டு, மதியச் சோற்றை ஒரு அகப்பை குறைத்து, அந்த இடத்தில் சாளை மீனோ நெத்திலியோ சேர்த்தேன். மீன் இல்லாத நாளில் அவித்த பச்சைப் பயறு. நூறு கிராம் சாளையில் சுமார் 20 கிராம் புரதம், ஒன்பது அமிலங்களோடும் கிடைக்கிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் நிறைய உண்டு, பயறில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. நம் இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்வது இந்த வகையில் மிகப் பொருத்தமான கூட்டு. இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தது. சோற்றைக் குறைத்ததும் மாலையில் நடந்ததும் அதில் சேரும் என்பதால், முழுப் பெருமையையும் மீனுக்குக் கொடுக்க மாட்டேன். மாலையில் வடைக்கடைப் பக்கம் கால் போகாமல் இருந்ததற்கு மீன்தான் காரணம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். கருவாட்டிலும் புரதம் செறிந்திருக்கிறது, ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதன் உப்பை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தத் தூளின் ஒரு கரண்டிக்கு ஆகும் 45 ரூபாய்க்கு, வரத்து நன்றாக இருக்கும் நாளில் கால் கிலோ சாளை வாங்கிவிடலாம். மீன், முட்டை, பால் என்று தேவையான புரதத்தை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களுக்கு இதனால் கூடுதல் பயன் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அந்த எச்சரிக்கை டப்பாவின் அடிப்பக்கத்தில், கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில் இருக்கிறது. கடைக்காரத் தம்பி வாயைத் திறந்து அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.