ஹைஸ்டெம்-சி ஜெல் கிட்: பக்கவாதம் கண்ட மூளைக்குள் எவ்வளவு காலம் நிற்கும்?

பக்கவாதத்தால் அழிந்த மூளைப் பகுதிக்குள் ஸ்டெம் செல்களை வைத்து எலிகளில் ஆராய்பவர்களுக்கு, செல்களைத் தாங்கும் ஜெல்லை ஆய்வகத்திலேயே கலந்துகொள்ள உதவும் ஹைஸ்டெம்-சி கிட் புதிய பெயரல்ல. யூட்டா பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் கிளென் பிரெஸ்ட்விச் வளர்த்தெடுத்த வேதியியல் இதன் அடிப்படை. லாஸ் ஏஞ்சலிஸில் பக்கவாத ஆய்வாளர் தாமஸ் கார்மைக்கேலின் குழு 2010-இல் இதே குடும்பத்து ஜெல்லில், ஹெப்பாரின் சேர்ந்த வகையில், செல்களைக் கலந்து செலுத்தியது. செல்கள் பிழைப்பது கூடியது. செல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்க இது நல்ல கிட். திசு அழிந்த இடத்தில் உண்டாகும் குழியை மாதக்கணக்கில் நிரப்பி வைக்க மட்டும் இதை நம்ப வேண்டாம்.

பெட்டிக்குள் மூன்று பொடிக் குப்பிகள்: தையால் (கந்தகம் கொண்ட வேதிக்குழு) சேர்த்த ஹயலுரோனனான (உடலில் இயல்பாகவே உள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலி) கிளைகோசில் 10 மி.கி., தையால் சேர்த்த ஜெலட்டினான ஜெலின்-எஸ் 10 மி.கி., இரண்டையும் பிணைக்கும் எக்ஸ்ட்ராலிங்க் 5 மி.கி. கூடவே வாயு நீக்கிய நீர். −20 டிகிரியில் வைத்திருந்த குப்பிகளை முதலில் அறை வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூடியைத் திறக்கக் கூடாது. ரப்பர் வழியாக சிரிஞ்சால் முதலிரண்டுக்கும் 1 மி.லி., மூன்றாவதற்கு 0.5 மி.லி. நீர் விட வேண்டும். திறந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் தையால்களைத் தமக்குள்ளேயே பிணைத்துவிடும். பிறகு எக்ஸ்ட்ராலிங்க் பிடிக்க இடம் குறையும், ஜெல் தளர்ந்துபோகும். கிளைகோசில் கரைய 37 டிகிரியில் அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பொறுமையிழந்து வேகமாகக் குலுக்கினால் நுரைதான் மிஞ்சும். கரைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

கலவை விகிதம் 2:2:1. கடைசியில் கிளைகோசிலும் ஜெலின்-எஸ்ஸும் மி.லி.க்கு 4 மி.கி. வீதம், எக்ஸ்ட்ராலிங்க் 2 மி.கி. சுமார் 20 நிமிடத்தில் உறையும். பிஎச் சற்று ஏறினால் சீக்கிரம், இறங்கினால் தாமதம். ஆகவே செல் வளர்த்த மீடியத்தை அப்படியே ஊற்றக் கூடாது. செல்களை மையவிலக்கியில் படியவைத்து, மேலுள்ள திரவத்தை நன்றாக இறுத்துவிட்டுத்தான் கலக்க வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது ஊசி போடும் நேரத்தில்தான். தண்ணீராக இருக்கும்போதே செலுத்தினால் ஊசி போன தடத்திலேயே மேலேறி வெளியே வந்துவிடும். தாமதித்தால் ஊசிக்குள் உறைந்து துண்டுதுண்டாக விழும். மிச்சக் கலவையை ஒரு குழாயில் வைத்து அவ்வப்போது சாய்த்துப் பாருங்கள். பாகு போல மெதுவாக ஓடத் தொடங்கியதும் செலுத்தலாம். நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் போதும்; முடிந்ததும் ஊசியைச் சில நிமிடம் அங்கேயே விட்டுவைக்க வேண்டும். பெரிய ஆய்வக எலிகளில் (rat) நிஜமான, திரவம் நிறைந்த குழி இருக்கும். அந்தத் திரவத்தை இன்னொரு ஊசி வழியே வெளியேற்றாமல் ஜெல்லைத் திணித்தால் கலவை நீர்த்துப்போவதோடு அழுத்தமும் ஏறும்.

நீடிப்புதான் முக்கியக் கேள்வி. உப்புக் கரைசலில் பல வாரம் அசையாமல் கிடக்கும் ஜெல், பக்கவாத மூளையில் அப்படி இருக்காது. அங்கே ஜெலட்டினை வெட்டும் எம்எம்பி-2, எம்எம்பி-9 நொதிகள் பெருகியிருக்கும். ஹயலுரோனனை ஹயலுரோனிடேஸ் நொதியும், வேகமாக வினைபுரியும் ஆக்சிஜன் தனியுறுப்புகளும் (free radicals) துண்டாக்கும். மூளையின் துப்புரவுச் செல்களான மைக்ரோகிளியாவும் ரத்தத்திலிருந்து வந்த விழுங்கு செல்களான மேக்ரோஃபேஜ்களும் விளிம்பிலிருந்து அரித்துக்கொண்டே வரும். நல்ல மூளையில் வைத்துப் பார்த்த நாள்கணக்கை இங்கே பொருத்துவது பிழை. ஹயலுரோனன் சிறு துண்டுகளாகும்போது அழற்சியைத் தூண்டவும் செய்யும் என்பதால் வேகமாகச் சிதைவது தீங்கற்றதும் அல்ல.

எக்ஸ்ட்ராலிங்கைக் கூட்டினால் தாங்கும் காலம் நீளும், உண்மைதான். ஆனால் ஜெல் கடினமாகி செல்கள் நுழைய முடியாத கட்டியாகிவிடும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மோடோ குழு பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து செல்களை நீக்கி எடுத்த மேட்ரிக்ஸ் (திசுச் சட்டகம்) ஜெல்லில், செறிவு கூடினால் சிதைவு குறைவதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. மி.லி.க்கு 3, 4 மி.கி. செறிவுள்ள ஜெல் 90 நாளில் 95% கரைந்தது, 8 மி.கி. ஜெல் 32% மட்டுமே. வேறு பொருள், வேறு பிணைப்பு என்றாலும் இந்தக் கிட்டை வாங்குபவர் மனதில் கொள்ள வேண்டிய கணக்கு அது. ரத்தம் உறையக் காரணமான ஃபைப்ரின் புரத ஜெல்லோடு ஒப்பிட்டால் ஹைஸ்டெம் பொதுவாக அதிக நாள் தாங்கும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் அதைவிட அதிக காலம் கிடக்கும், ஏனெனில் அதை வெட்டும் நொதி பாலூட்டிகளிடம் இல்லை. ஆனால் செல்லுக்குப் பிடிமானமும் தராது.

ஜெல் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதிலும் பொறிகள் உண்டு. ஹயலுரோனன் பிணைப்புப் புரதத்தால் சாயமேற்றினால் மூளையே சுரந்த ஹயலுரோனனும் சேர்ந்து ஒளிரும். பக்கவாதத்துக்குப் பின் அது கூடுதலாகவே இருக்கும். ஒளிரும் சாயத்தை முன்கூட்டியே ஜெல்லில் பிணைத்து வைப்பது மேல், ஆனால் தையால்களில் மிகச் சிறு பங்கை மட்டுமே சாயத்துக்குக் கொடுக்க வேண்டும். அப்போதும் சாயத்தை விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள் ஜெல் போன பிறகும் ஒளிரும். மேக்ரோஃபேஜ்களை அடையாளம் காட்டும் சாயத்தையும் சேர்த்துப் பாருங்கள். திசுவை நிலைப்படுத்தும் பாராஃபார்மால்டிஹைடு ஹயலுரோனனைப் பிடித்து நிறுத்தாது, ஏனெனில் அது பற்றிக்கொள்ள வேண்டிய அமீன் (நைட்ரஜன் கொண்ட குழு) ஹயலுரோனனில் இல்லை. வெட்டுத் துண்டில் தெரியும் ஓட்டை, கழுவும்போது உருவானதாகவும் இருக்கலாம். உறையவைத்த, நிலைப்படுத்தாத திசுவையும் ஒரு தொகுதி வைத்துக்கொள்வது அவசியம். திரவத்தை வெளுப்பாகக் காட்டும் டி2 வகை எம்ஆர்ஐ படத்தில் ஜெல்லும் மூளைத் தண்டுவடத் திரவமும் ஏறக்குறைய ஒரே வெளுப்பில் தெரியும்.

கிட் தருவது 2.5 மி.லி. ஜெல், ஒரு சுண்டெலிக்குத் தேவை சில மைக்ரோலிட்டர். கரைத்தது மறுநாளுக்கு ஆகாது. எனவே அறுவைகளை ஒரே நாளில் அடுக்கி, ஒவ்வொரு விலங்குக்கும் கிளைகோசில்–ஜெலின் கலவையிலிருந்து சிறு பங்கெடுத்து, எக்ஸ்ட்ராலிங்கைத் தனித்தனியே அந்தந்த நேரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.