வண்டி கரண்டைத் தொடாத எலக்ட்ரீஷியன்

போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை, ராத்திரி ஏழே முக்கால் இருக்கும். முகப்பேர் கிழக்கில் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் என் குட்டி யானை அப்படியே படுத்துவிட்டது. முதலில் எல்இடி பட்டை மங்கியது. அப்புறம் ஸ்பீக்கரில் "தக்காளி, வெங்காயம், கத்திரிக்கா" என்று கணீரென்று போய்க்கொண்டிருந்த என் மனைவியின் குரல் கரகரத்து, விக்கி, நின்றது. சாவியைத் திருப்பினேன். மீட்டரில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட வரவில்லை. ஐந்தரைக்கு வண்டியை ஓரம் கட்டியபோது 61 சதவீதம் சார்ஜ் இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"பேட்டரி வண்டிக்கே பேட்டரி போயிடுச்சா?" என்று கொத்தமல்லிக் கட்டோடு நின்ற ஒரு அம்மா கேட்டார். சிரிப்பு வரவில்லை, ஆனால் கேள்வி சரியான கேள்வி.

என்னுடையது டாடா ஏஸ் இவி. அடியில் இருக்கும் பெரிய பேட்டரி 21.3 யூனிட் பிடிக்கும். முழுச் சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்பது சர்ட்டிஃபிகேட் கணக்கு. கோயம்பேட்டில் விடிகாலையில் காய் எடுத்து, முகப்பேர், கொரட்டூர், பாடி என்று சுற்றும் எனக்கு ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் தாண்டாது. அதனால் "கீழே இவ்வளவு கரண்ட் கிடக்குதே, மேலே நாலு விளக்கு போட்டால் என்ன ஆகிவிடும்" என்றுதான் நானும் நினைத்தேன்.

விஷயம் என்னவென்றால், விளக்கும் ஹார்னும் மீட்டரும் அந்தப் பெரிய பேட்டரியிலிருந்து நேராக ஓடுவதில்லை. டீசல் வண்டியில் இருப்பதுபோலவே இதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. டைனமோ கிடையாது என்பதால், பெரியதிலிருந்து கரண்டை இறக்கிச் சின்னதுக்கு ஊட்டுவது டிசி-டிசி கன்வெர்ட்டர். வண்டி ஆன் ஆகி ஓடத் தயாராக இருக்கும்போது அது ஊட்டும். சாவியை எடுத்தால் அதுவும் தூங்கப் போய்விடும். நான் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டேகால் மணி நேரம் வியாபாரம் செய்தேன், சின்ன பேட்டரி தனியாக எல்லாவற்றையும் சுமந்து தீர்ந்தது. இதில் கொடுமை, பெரிய பேட்டரியை வண்டியோடு சேர்த்துவிடும் கான்டாக்டர் ஸ்விட்சுகளை இழுத்துப் பிடிக்கவும் அந்த 12 வோல்ட்தான் வேண்டும். ஆக, கீழே 61 சதவீதம் இருந்தும் சல்லிக்காசுக்குப் பிரயோஜனம் இல்லை.

பக்கத்து ஸ்டாண்டிலிருந்து ஒரு ஆட்டோ அண்ணன் வந்து தன் பேட்டரியிலிருந்து ஜம்ப்பர் வயர் போட்டார். ஒரே நிமிடத்தில் வண்டி எழுந்துகொண்டது. பணம் வேண்டாம் என்றார். ஒரு கிலோ தக்காளியும் நாலு முருங்கைக்காயும் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

விளக்கு, ஸ்பீக்கருக்கெல்லாம் முதலில் வயரிங் செய்தவர் யார் என்பது வேண்டாம். 4,000 ரூபாய் வாங்கினார், இரண்டு மணி நேரத்தில் முடித்தார், எனக்கும் அப்போது சந்தோஷம்தான். நான் எழுத வந்தது அதற்கப்புறம் போன கடையைப் பற்றி.

பாடியில், லூகாஸ் ஸ்டாப்பிங்கில் இறங்கி உள்ளே போகும் ஒரு தெரு. போர்டில் கடைப் பெயர்கூட இல்லை, "ஆட்டோ எலக்ட்ரிக்கல்" என்று மட்டும் இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யும் கம்பெனியின் பெயரே பஸ் ஸ்டாப்புக்கும் ஒட்டிக்கொண்ட ஏரியா இது. அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஸ்டார்ட்டர் பிரித்தே வாழ்ந்தவர். வண்டியைச் சுற்றி வந்தார். "இதுல ஸ்டார்ட்டரும் இல்ல, டைனமோவும் இல்ல. எனக்கு என்ன தம்பி வேலை?" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அடுத்த வார்த்தை, "என்னென்ன மாட்டியிருக்க, ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். ஒவ்வொன்றாகப் போட்டு, கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிப் படித்தார். ரிச்சி தெருவில் வாங்கிய ஆம்ப்ளிஃபையரும் குழாய் ஸ்பீக்கரும் பேசும்போது 3 ஆம்பியர். எல்இடி பட்டை 4.2. பின்னால் இரண்டு 18 வாட் விளக்கு, சேர்த்து 3. போன் சார்ஜரும் பணம் வந்தால் கத்தும் பெட்டியும் 1. குட்டி ஃபேன் 0.8. ஒரு அட்டையில் கூட்டி 12 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். "ஒரு மணி நேரத்துக்குப் பன்னெண்டு. உன் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர்னே வெச்சுக்கோ. நீயே கணக்குப் போடு." நான் பாலிடெக்னிக்கில் இதைத்தான் படித்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பழைய வயரிங்கைப் பிரித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக ஒரு மெல்லிய சிவப்பு வயர். நடுவில் பியூஸ் என்ற பேச்சே இல்லை. கேபினுக்குப் பின்னால் தகரத்தில் ஓட்டை போட்டு, ரப்பர் புஷ் வைக்காமல் அப்படியே நுழைத்திருந்தார்கள். மூன்று மாத ஆட்டத்தில் தகர விளிம்பு இன்சுலேஷனைத் தின்று, உள்ளே செம்பு மினுமினுத்தது. இன்னும் நாலு ஸ்பீட் பிரேக்கர் போதும், செம்பு வண்டித் தகரத்தில் பட்டு ஷார்ட் ஆகியிருக்கும். அண்ணன் திட்டவில்லை. வயரை என் கையில் கொடுத்து, "வீட்ல மாட்டி வை" என்றார்.

வோல்ட்டேஜும் வழியிலேயே கரைந்திருக்கிறது. எல்லாம் ஓடும்போது பேட்டரி முனையில் 12.4, அதே வயரின் கடைசியில் 11.1. ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில் மூன்று மீட்டர் போய் மூன்று மீட்டர் திரும்பினால் வேறு எப்படி இருக்கும். அந்த 1.3 வோல்ட் வயரைச் சூடாக்கத்தான் பயன்பட்டிருக்கிறது.

இதற்குமேல் அவர் நல்ல கனமான வயர் இழுப்பார், ஒரு ரிலே போடுவார், வோல்ட்டேஜ் இறங்கினால் தானே அறுத்துக்கொள்ளும் கட்-ஆஃப் ஒன்று வைப்பார் என்று எதிர்பார்த்தேன். "அதெல்லாம் செய்யலாம். செஞ்சா கட்-ஆஃப் உன் பேட்டரியைக் காப்பாத்தும், ஆனா ஒன்றரை மணி நேரத்துல உன் கடையை இருட்டாக்கும்" என்றார். அப்போ சாவியை ஆனிலேயே வைத்து விற்கிறேன், கன்வெர்ட்டர் ஊட்டிக்கொண்டே இருக்குமே என்றேன். பெரிய பேட்டரியிலிருந்து போனால் ஒரு சாயந்திர வியாபாரத்துக்கு அரை யூனிட் சொச்சம், சர்ட்டிஃபிகேட் கணக்கில் பார்த்தால் நாலு கிலோமீட்டர்தான் குறையும். அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. "சத்தமே வராத வண்டி. ஆன்ல நிக்குதா ஆஃப்ல நிக்குதான்னு ஒரு குழந்தைக்குத் தெரியுமா? நீ பின்னால காய் நிறுத்துக்கிட்டிருப்ப, எவனாவது ஏறி ஆக்சிலரேட்டரை மிதிச்சான்னா?"

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. பழைய டீசல் வண்டி தெருமுனையில் தடதடக்கும்போதே பால்கனியில் கூடை இறங்கும். இந்த வண்டி வந்தபிறகு நான் வந்ததே யாருக்கும் தெரியாமல்தான் ஸ்பீக்கரே வாங்கினேன்.

கடைசியில் அவர் செய்தது வேறு. வண்டியின் 12 வோல்ட்டை விட்டு மொத்தமாக விலகி, 12.8 வோல்ட் 60 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி ஒன்றைத் தனியாக வைத்தார். ஏழெட்டு கிலோதான், ஒரு தேங்காய் மூட்டையில் பாதிகூட வராது. ராத்திரி வண்டிக்குச் சார்ஜ் போடும்போது பக்கத்துப் பிளக்கில் இதற்கும் ஒரு 10 ஆம்பியர் சார்ஜர். மூன்றரை மணி நேர வியாபாரத்துக்கு 42 ஆம்பியர்-ஹவர் போகும், நாலைந்து மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும். வாரண்டி பற்றிய பயமும் குறைந்தது, ஏனென்றால் வண்டி வயரை யாரும் அறுக்கவில்லை.

தொட்டது ஒரே இடம், ஜிபி ரோட்டில் வாங்கிய ரிவர்ஸ் கேமராவுக்கு. ரிவர்ஸ் விளக்கின் கப்ளரைக் கழற்றி, அதே மாதிரி ஆண்-பெண் கப்ளர் வைத்து நடுவில் ஒரு கிளை எடுத்தார். வயரைச் சீவவே இல்லை. நாளைக்கே கேமரா வேண்டாம் என்றால் பிடுங்கிவிட்டுப் பழையபடி சொருகலாம்.

வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாலு சதுர மில்லிமீட்டர் வயரின் முனையைச் சீவி, இழைகளை முறுக்காமல் அப்படியே லக் என்ற உலோக முனையில் விட்டு, பெரிய கிரிம்ப்பிங் பிளையரில் இரண்டு இடத்தில் அமுக்கினார். அப்புறம் லக்கை வைஸில் மாட்டிக் காலை ஊன்றி இழுத்தார். வந்துவிட்டால் திரும்ப முதலிலிருந்து. பதினொன்றில் ஒன்று வந்தது. கடைப் பையன் ஹீட் ஸ்லீவைச் சுருக்க லைட்டரை எடுத்தபோது, "கற்பூரமா காட்டுற?" என்று ஒரு சத்தம், சூட்டுக் காற்றுத் துப்பாக்கி வந்தது. 20 ஆம்பியர் மெயின் பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். அங்கிருந்து ஆறு வழி பியூஸ் பெட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் தனி பியூஸ். ஸ்பீக்கருக்கு எதற்கு இவ்வளவு என்றேன். "பியூஸ் காப்பாத்துறது ஸ்பீக்கரை இல்ல தம்பி, வயரை. ஸ்பீக்கர் போனா வாங்கிக்கலாம்."

தளத்தில் ஒரு ஸ்க்ரூகூட இறக்கவில்லை. கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து காட்டினார்: ஆரஞ்சு கலர் உறை போட்ட தடித்த கேபிள்கள். 60 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும் கேபிளுக்கு வெளியே அந்த நிறம் இருக்க வேண்டும் என்பது மின்வண்டிகளுக்கான விதி. "ஆரஞ்சைப் பார்த்தா கையைக் கட்டிக்கோ. நானே கட்டிக்குவேன்." பேட்டரிப் பெட்டியை நான் ஏற்கெனவே போட்டிருந்த இரும்புக் கூண்டில் கிளாம்ப் வைத்து, தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தூக்கி மாட்டினார். மிக்ஜாம் புயல் தண்ணீரைப் பார்த்த ஊரில் அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

எதிர்பாராத லாபம் ஒன்று. முன்பு ஸ்பீக்கரில் குரலுக்கு அடியில் கொசு மாதிரி "கீ" என்று ஒரு சத்தம் வரும், அதுவும் வண்டி ஆனில் இருக்கும்போது மட்டும். கன்வெர்ட்டரின் இரைச்சல் 12 வோல்ட் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குள் வந்திருக்கிறது. இப்போது குரல் மட்டும்தான். வால்யூமைப் பாதியாகக் குறைத்தும் மூன்றாவது மாடிக்குக் கேட்கிறது.

செலவு: பேட்டரி 14,500, சார்ஜர் 2,200, வயர், பியூஸ் பெட்டி, ஸ்விட்ச், லக் எல்லாம் 3,100, கேமரா 2,400, கூலி 3,500. மொத்தம் 25,700 ரூபாய். சும்மா இல்லை. காய்கறி வியாபாரிக்கு இது எத்தனை நாள் லாபம் என்று கணக்குப் போட்டால் தூக்கம் வராது.

குறையும் இருக்கிறது. இரண்டு நாள் என்றவர் ஆறு நாள் எடுத்தார். நான் தள்ளுவண்டி வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். பில் கேட்டால் அந்த 12 எழுதிய அட்டையின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார், ஜிஎஸ்டி எண் எல்லாம் கனவு. மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், போன் எடுக்க மாட்டார். ஸ்விட்ச் பலகையில் நீல விளக்கு கண்ணைக் குத்துகிறது, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். நட்சத்திரம் போடச் சொன்னால் நாலு. அந்த ஒன்று ஆறு நாளுக்காக.

இன்வெர்ட்டர் வைத்து ஒரு மிக்சியும் போட்டு ஜூஸ் விற்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். 500 வாட் மிக்சி, 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இந்த வயரிங்கே அதற்கு இல்லை என்றார். "வேணும்னா வேற கடை பாரு." பார்க்கவில்லை.

பொருத்தி நாலு மாதம் ஆகிறது. ஒரு பியூஸ்கூடப் போகவில்லை. ஒரே தொல்லை, ஸ்விட்சுகளுக்கு லேபிள் எழுதியது கடைப் பையன். விளக்கு, மைக், சார்ஜர் எல்லாம் சரி. ஃபேனுக்கு "பேன்" என்று எழுதிவிட்டான். காய் வாங்க வரும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்து காட்டிச் சிரிக்கின்றன. போன வாரம் அண்ணனிடம் சொன்னேன். "செவ்வாய்க்கிழமை வா, மாத்திடலாம். வரும்போது முருங்கைக்கீரை ரெண்டு கட்டு எடுத்துட்டு வா" என்றிருக்கிறார்.