கிராபிக்ஸ் கார்டு: எந்த நிறுவனத்தின் குளிர்விப்பான் கொடுக்கும் பணத்துக்குத் தகும்?

ஒரே சிப்பைக் கொண்ட இரண்டு கார்டுகளில் ஒன்று 64 டிகிரியிலும் மற்றொன்று 73 டிகிரியிலும் ஓடுவதைப் பார்த்தவுடன், முதல் கார்டைத் தயாரித்த நிறுவனமே சிறந்தது என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். நானும் சில காலம் அப்படித்தான் கார்டு வாங்கினேன். நண்பர்களுக்கும் வாங்கிக் கொடுத்தேன். அந்த 64 டிகிரி, ஹீட்சிங்கின் (சிப்பின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோக அடுக்கின்) தரத்தால் வந்ததா, ஃபேனை வேகமாகச் சுழல விட்டதால் வந்ததா என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் நிறுவனங்களுக்கு இடையே உள்ள உண்மையான வேறுபாடு எனக்குப் பிடிபட்டது.

சிப்பை வடிவமைப்பது பெரும்பாலும் என்விடியாவோ ஏஎம்டியோதான். ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், ஸோடாக், சஃபையர் போன்றவை அந்தச் சிப்பை வாங்கி, தங்கள் சர்க்யூட் போர்டில் பொருத்தி, ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்த்து விற்கின்றன. ஆலையிலேயே ஓவர்க்ளாக் செய்ததாக, அதாவது இயல்பைவிட வேகமாக ஓடும்படி அமைத்ததாக, அட்டைப்பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருந்தாலும், ஒரே சிப்பைக் கொண்ட இரு நிறுவனக் கார்டுகளுக்கு இடையே விளையாட்டில் கிடைக்கும் வேறுபாடு பெரும்பாலும் இரண்டு மூன்று விழுக்காட்டைத் தாண்டுவதில்லை; கார்டை மறைத்துவிட்டு விளையாடச் சொன்னால் எது எந்தக் கார்டு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கூடுதலாகக் கொடுக்கும் பணம் வேகத்துக்காகப் போவதில்லை. குளிர்விப்பானுக்காகவும், அது எழுப்பும் அல்லது எழுப்பாத சத்தத்துக்காகவும், வாரண்டிக்காகவுமே போகிறது.

ஃபேனின் சத்தத்தைப் பற்றி ஒரு கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சுழற்சி வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றின் அளவும் பாதியாகும். ஆனால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறைகிறது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டதுபோலத் தோன்றும் என்பதால், வேகத்தில் செய்யும் சிறு மாற்றமும் கேட்பவருக்குப் பெரிய மாற்றமாகவே இருக்கும். மறுபக்கம், சிப்புக்கு இந்த வெப்பநிலைகளில் எந்த ஆபத்தும் இல்லை. என்விடியாவின் 40 வரிசைச் சிப்புகளுக்குக் குறிக்கப்பட்ட உச்ச வரம்பு 90 டிகிரி. ஏஎம்டியின் அண்மைக்காலச் சிப்புகளில் மிகச் சூடான புள்ளியான ஹாட்ஸ்பாட்டே 110 டிகிரி வரை போகலாம். சூடு ஏற ஏற என்விடியா சிப் தன் வேகத்தை 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகக் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான்; இரண்டாயிரத்துச் சொச்சம் மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு அதில் ஒன்றிரண்டு படிகள் எந்த மூலைக்கு? எனவே நான் இரண்டு கார்டுகளை ஒப்பிடும்போது, இரண்டையும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் நிற்கும்படி ஃபேனைச் சரிசெய்துவிட்டு, எது அமைதியாக இருக்கிறது என்று கேட்கிறேன். ஹீட்சிங்கின் தரம் அப்போது மறைக்க முடியாமல் வெளிப்பட்டுவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது வாட், அதாவது கார்டு எடுத்து வெப்பமாக வெளியே தள்ளும் மின்சாரத்தின் அளவு. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட், 4070 கார்டுக்கு 200, 4080 கார்டுக்கு 320, 4090 கார்டுக்கு 450, 5090 கார்டுக்கு 575 வாட். ஏஎம்டி பக்கத்தில் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி 263 வாட்டும், 7900 எக்ஸ்டிஎக்ஸ் 355 வாட்டும் எடுக்கின்றன. 115 வாட் வெப்பத்தைத் தணிக்க மூன்று ஃபேன் கொண்ட பெரிய குளிர்விப்பானை வாங்குவது, கொசுவை அடிக்கக் கோடரி எடுப்பது போன்றது. அந்த அளவில் இரண்டு ஃபேன் கொண்ட எளிய கார்டே போதும்; விலையில் மிச்சமாகும் தொகையைப் போட்டு ஒரு படி மேலான சிப்பை வாங்குவது புத்திசாலித்தனம். 200 வாட் வரை எனக்கு நிறுவனப் பெயர் ஒரு பொருட்டே இல்லை. 250 வாட்டைக் கடந்தபின் நிலைமை மாறுகிறது. மலிவான ஹீட்சிங்குக்கும் நல்ல ஹீட்சிங்குக்கும் உள்ள தூரம் அங்கேதான் காதுக்குக் கேட்கும்.

இனி நிறுவனங்களுக்கு வருவோம். ஆசுஸ் நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது அதன் டஃப் வரிசையின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி காலத்தில் வந்த டஃப் கார்டின் குளிர்விப்பான், குறிப்பாக மெமரியைக் குளிர்விக்கும் விதத்தில், விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அதே தலைமுறையில் ஆசுஸின் உயர் வரிசையான ஸ்ட்ரிக்ஸ் கார்டுகளிலும் ஹீட்சிங்க் சிப்பின்மீது போதிய அழுத்தத்துடன் பதியவில்லை என்பது தெரியவந்து, 2020-ஆம் ஆண்டில் ஆசுஸ் அதன் திருகுகளை மாற்ற நேர்ந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியிலேயே வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3080 டஃப், அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த குளிர்விப்பான்களில் ஒன்றாக அமைந்தது. பெயர் அதேதான், உள்ளே இருந்த உலோகம் வேறு. இதைப் பார்த்த பிறகு, நிறுவனப் பெயரையோ வரிசைப் பெயரையோ மட்டும் நம்பி வாங்குவதை நான் விட்டுவிட்டேன்.

இப்போதைய டஃப் கார்டுகள் கனமானவை. கார்டை வேகத்துக்கும் அமைதிக்கும் இடையே மாற்ற பயாஸ் சுவிட்ச் (கார்டின் உள் அமைப்பை மாற்றும் சிறு பொத்தான்) ஒன்றும் அவற்றில் உண்டு. அதை அமைதியின் பக்கம் தள்ளிவிட்டு மறந்துவிடலாம். குறை, விலைதான். ஒரே சிப்புக்கு ஆசுஸ் கேட்கும் கூடுதல் தொகை பல நேரங்களில் அடுத்த சிப்பின் எளிய கார்டைத் தொட்டுவிடுகிறது. அந்த இடத்தில் அதை வாங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. ஃபேன் தயாரிப்பாளரான நாக்டுவாவுடன் சேர்ந்து 2021-இல் ஆர்டிஎக்ஸ் 3070 தொடங்கி வெளியிட்ட பழுப்பு நிறக் கார்டுகள் தனி ரகம். கேபினட்டில் மாட்டும் 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் இரண்டையோ மூன்றையோ அப்படியே கார்டில் பொருத்தியிருப்பதால், கார்டு ஏறத்தாழ நான்கு ஸ்லாட் (மதர்போர்டில் கார்டு செருகும் இடம்) அளவை அடைத்துக்கொள்கிறது. பார்ப்பதற்குச் செங்கல் போல இருந்தாலும், பெரிய ஃபேன் மெதுவாகச் சுழல்வதைவிட அமைதிக்கு வேறு குறுக்குவழி இல்லை என்பதை அது கண்முன் காட்டிவிடுகிறது.

அமைதியை மட்டும் அளவுகோலாக வைத்தால், பெரிய நிறுவனங்களில் என் முதல் தேர்வு எம்எஸ்ஐயின் கேமிங் ட்ரியோ வரிசை. வெப்பநிலை சில டிகிரி கூடினாலும் பரவாயில்லை, ஃபேன் மெதுவாகச் சுழலட்டும் என்ற எண்ணத்தோடு அதன் ஃபேன் வேகத்தை அமைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கின்படி அது சரியான முடிவு. அதே நிறுவனத்தின் வென்டஸ் வேறு பிறவி. 4060 போன்ற சிப்பில் அது நல்ல பேரம். 300 வாட் சிப்பில் அதே பெயரைக் கண்டால் ஹீட்சிங்கின் எடையையும் தடிமனையும் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். உச்சியில் உள்ள சுப்ரிம் அருமையானது. ஆனால் கேமிங் ட்ரியோவை வாங்கியவர் அதற்காக ஏங்க வேண்டியதில்லை.

கிகாபைட்டின் கேமிங் ஓசி கார்டுகளில் எண்கள் குளிர்ச்சியாகத் தெரியும், காதுக்குச் சத்தம் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். கடையில் காட்டுவதற்கேற்ற அமைப்பு அது. மென்பொருளில் ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் அதே கார்டு நல்ல பிள்ளையாகிவிடுகிறது, ஏனெனில் ஹீட்சிங்கில் குறையில்லை. விலையும் ஆசுஸைவிடப் பெரும்பாலும் கீழேதான் இருக்கும். மாலையில் பத்து நிமிடம் செலவழித்து ஃபேன் கோட்டை (எந்த வெப்பநிலையில் எவ்வளவு வேகம் என்ற அமைப்பை) திருத்தத் தயங்காதவருக்கு மூன்று பெரிய நிறுவனங்களில் இதுவே மதிப்பு மிக்கது என்பது என் கணிப்பு. என்விடியாவின் 50 வரிசைக் கார்டுகளில், வெப்பத்தை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தையான தெர்மல் பேடுக்குப் பதிலாக மெமரி முதலியவற்றின்மீது ஜெல் பூசத் தொடங்கினார்கள். செங்குத்தாக மாட்டிய சில கார்டுகளில் அது வழிந்து இறங்கிய படங்கள் 2025-இல் பரவின. தொடக்க உற்பத்தியில் சற்று அதிகமாகப் பூசப்பட்டதே காரணம், அது செயல்பாட்டைப் பாதிக்காது என்று நிறுவனம் விளக்கம் தந்தது. கார்டைச் செங்குத்தாக நிறுத்த நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஸோடாக், இன்னோ3டி ஆகியவை ஒரே தாய் நிறுவனத்தைச் சேர்ந்தவை. பாலிட், கெயின்வார்ட், கேலக்ஸ் ஆகியவை வேறொரு குழுமத்தைச் சேர்ந்தவை; அவற்றில் சில கார்டுகளின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் உள்ளே இருப்பது உடன்பிறப்பு என்பது தெரிந்துவிடும். இவற்றில் குறைந்த விலைதான் ஈர்ப்பு. ஸோடாக்கின் ட்வின் எட்ஜ் சிறிய கேபினட்டுக்கு வசதியானது. சிறிய ஹீட்சிங்குக்கு உரிய சத்தத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஏஎம்டி பக்கத்தில் தேர்வு எளிது என்றே சொல்வேன். அங்கே ஏஎம்டி சிப்புகளையே நம்பிப் பிழைக்கும் சஃபையர், பவர்கலர், எக்ஸ்எஃப்எக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. வேறு பிழைப்பு இல்லாதவர்களின் அக்கறை அவர்கள் செய்யும் பொருளில் தெரிகிறது. சஃபையரின் பல்ஸ், பவர்கலரின் ஹெல்ஹவுண்ட் இரண்டும் அடிப்படை விலைக்குச் சற்றே மேலே நின்று, உயர்தர வரிசைகளுக்கு நெருக்கமான அமைதியைத் தருபவை. பணத்துக்கான மதிப்பு என்ற தலைப்பில் எல்லா நிறுவனங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் என் வாக்கு இவ்விரண்டுக்கே. 9070 எக்ஸ்டி சிப்பில் சஃபையரின் நைட்ரோ பிளஸ், பவர்கலரின் ரெட் டெவில் ஆகிய உயர் வரிசைகள், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும் சாதாரண தெர்மல் பேஸ்டுக்குப் பதிலாக ஹனிவெல்லின் பிடிஎம்7950 என்ற, சூட்டில் இளகிப் படியும் தகட்டைப் பயன்படுத்துகின்றன. இதை வெறும் விளம்பர வரி என்று தள்ளிவிட முடியாது. சூடாவதும் ஆறுவதுமாக ஓராண்டு ஈராண்டு ஓடிய கார்டில் சாதாரண பேஸ்ட் மெல்ல மெல்லச் சிப்பின் ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். சராசரி வெப்பநிலை அப்படியே இருக்க ஹாட்ஸ்பாட் மட்டும் தனியாக ஏறத் தொடங்கும். அந்தத் தகடு அப்படிப் பிதுங்குவதில்லை. சோதித்துப் பார்க்கும் வசதி என்விடியாவின் 50 வரிசையில் பறிபோய்விட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஹாட்ஸ்பாட் எண்ணை அந்தக் கார்டுகள் மென்பொருளுக்குக் காட்டுவதில்லை.

சிப்பை வடிவமைப்பவரே குளிர்விப்பானையும் வடிவமைத்தால் நிம்மதி என்று நினைக்கவும் இடமில்லை. 7900 எக்ஸ்டிஎக்ஸின் ஏஎம்டி சொந்த வடிவமைப்பில், வேப்பர் சேம்பர் என்னும் உலோகப் பெட்டிக்குள் போதிய நீர் இல்லாத ஒரு தொகுதி வெளியே வந்து, ஹாட்ஸ்பாட் 110 டிகிரியைத் தொட்டு வேகம் குறைந்ததை 2023 ஜனவரியில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டே ஸ்லாட் தடிமனில் 575 வாட்டைச் சமாளிக்கும் என்விடியாவின் சொந்த 5090 வடிவமைப்பு இதற்கு நேர்மாறான சாதனை. ஆனால் அமைதியை நாடுபவர் அதைவிட இரு மடங்கு தடிமனான கார்டையே தேட வேண்டியிருக்கும்.

விமர்சனங்களில் அதிகம் பேசப்படாத ஒரு தொல்லை, கார்டு சும்மா இருக்கும்போது எழும் சத்தம். ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரிக்குக் கீழே ஃபேன் முழுவதும் நின்றுவிடும் வசதி இன்று பெரும்பாலான கார்டுகளில் உண்டு. வேகமாகப் புதுப்பிக்கும் மானிட்டர்கள் இரண்டை இணைத்தால் சில கார்டுகளில் மெமரி முழு வேகத்திலேயே நின்றுவிடுவதால், வெப்பநிலை அந்த எல்லையிலேயே ஊசலாடும். என்னிடம் இருந்த ஒரு கார்டு (எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம்) நான் எழுதிக்கொண்டிருக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘விர்ர்’ என்று தொடங்கி, அரை நிமிடம் சுழன்று, நின்றுவிடும். தொடர்ந்து ஒலிக்கும் மெல்லிய சத்தத்தைக் காது மறந்துவிடும். விட்டு விட்டு வருவதை மறப்பதே இல்லை. நான்காம் மாதத்தில் நடு ஃபேனின் பேரிங் தேய்ந்து, தொடங்கும் ஒவ்வொரு முறையும் அரிசியில் கல் அரைபடுவதுபோல ஓர் ஓசையும் சேர்ந்துகொண்டது. ஒரு ஃபேனுக்காக முழுக் கார்டையும் சேவை மையத்துக்கு அனுப்பிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன்.

அன்றிலிருந்து ஃபேனைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா என்பதையும் பார்க்கிறேன். சஃபையரின் நைட்ரோ வரிசையில் ஓரிரு திருகுகளை எடுத்தால் ஃபேன் கையோடு வந்துவிடுகிறது. எக்ஸ்எஃப்எக்ஸ் ஒரு படி மேலே போய்க் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஃபேனைக் கொண்டுவந்திருக்கிறது. முதலில் அதிகம் தேய்வது ஃபேன் என்பதால், பளபளக்கும் விளக்குகளைவிட இதற்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். வாரண்டிக்குப் பெயர் பெற்ற இவிஜிஏ 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டு தொழிலை விட்டே விலகிவிட்டதால், அந்தத் துறையில் கைகாட்ட இன்று ஒரு பெயர் இல்லை. அவரவர் இருக்கும் ஊரில் சேவை மையத்தை எந்த நிறுவனம் ஒழுங்காக நடத்துகிறது என்று விசாரிப்பதே வழி.

காயில் வைன் என்னும் கீச்சொலியைப் பொறுத்தவரை எந்த நிறுவனத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்சுருள்களின் அதிர்விலிருந்து வருவது அது. ஒரே மாடலின் இரண்டு கார்டுகளில் ஒன்று கீச்சிடும், இன்னொன்று வாயே திறக்காது. ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஏற்கெனவே சத்தமான கார்டை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அதை விற்பதற்கு முன் மின்சார வரம்பை 80 விழுக்காட்டுக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். உயர்நிலைச் சிப்புகளில் வேகம் சில விழுக்காடே குறையும்; ஹீட்சிங்கின் சுமையோ ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிடும். 320 வாட் கார்டு 256 வாட்டில் நிற்கும்போது, மலிவான குளிர்விப்பானும் தன் தகுதிக்கு ஏற்ற வேலையைச் செய்யத் தொடங்குகிறது. இப்போது என் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருப்பதும் அப்படி வரம்பு இறக்கிய ஒரு நடுத்தர வரிசைக் கார்டுதான். கேபினட்டின் பின்புற ஃபேன் சத்தத்தில் அது இருப்பதே தெரிவதில்லை.