கடைக்கு ‘லாஸ் ஆஃப் பிராஃபிட்’ பாலிசி எடுப்போர் கவனத்திற்கு: எனக்கு 4,80,000 ரூபாய் போயிற்று

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை நடத்துகிறேன். ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்த காலத்துக்கான வாடகை, ஊழியர் சம்பளம், வங்கி வட்டி ஆகியவற்றுக்காக, வியாபாரம் நின்றால் வருமான இழப்பை ஈடுகட்டும் ‘லாஸ் ஆஃப் பிராஃபிட்’ பாலிசியின் கீழ் நான் கோரியிருந்த 4,80,000 ரூபாயில் ஒரு பைசாவும் தர இயலாது என்று காப்பீட்டு நிறுவனத்தின் இறுதிக் கடிதம் இன்று காலை (பிப்ரவரி 2021) வந்தது. பல கிளைகள் கொண்ட பொதுக் காப்பீட்டு நிறுவனம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தப் பாலிசியை விற்ற முகவர், 2015 வெள்ளத்தில் நனைந்த சரக்குக்குப் பக்கத்துக் கடைக்காரருக்கு இழப்பீடு வாங்கிக் கொடுத்தவர். அந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் வரிசையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. 2019 தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு கடைக்கு வந்து, கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்து, "ஃபயர் பாலிசி சரக்குக்கு மட்டும்தாண்ணே. இதையும் சேர்த்துக்குங்க, எந்தக் காரணத்தால கடை மூடினாலும் வாடகையும் சம்பளமும் கம்பெனி பொறுப்பு" என்றார். எந்தக் காரணத்தால மூடினாலும்! கடைப் பையன்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காசோலையை அப்போதே எழுதிக் கொடுத்தேன். பொடி எழுத்து ஆங்கிலத்தில் நிபந்தனைகள் அடங்கிய புத்தகம் பணம் போன பிறகுதான் தபாலில் வந்தது.

2020 மார்ச் 24 மாலை கடையைப் பூட்டினோம். சித்திரை முகூர்த்தமும் ரம்ஜான் விற்பனையும் அப்படியே போயின. சற்றே மூச்சு விடுவதற்குள் ஜூன் 19 முதல் 30 வரை சென்னைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு. கோரிக்கை கொடுத்ததும் முகவர், "மேலே அனுப்பியிருக்கேண்ணே" என்றார். பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். பாரிமுனைக் கிளையில் தலைமை அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். தலைமை அலுவலகமோ கிளையைக் கைகாட்டியது. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "எதுவும் எரியலையே சார், வந்து எதைப் பார்ப்பாரு?" என்று ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது.

கடிதம் சொல்லும் காரணமும் அதுதான்: தீ போன்ற காப்பீடு செய்யப்பட்ட ஆபத்தால் கட்டடத்துக்கோ சரக்குக்கோ சேதம் நேர்ந்து, அதனால் வியாபாரம் நின்றால் மட்டுமே இந்தப் பாலிசி பேசுமாம், அரசு உத்தரவால் மூடியது அதில் சேராதாம். கடந்த மாதம் 15ஆம் தேதி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதே தகராறில் பெரும்பாலும் கடைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அங்கே வழக்குக்கு வந்த பாலிசிகளில் தொற்றுநோய்க்கும், அரசுத் தடையால் இடத்தைப் பயன்படுத்த முடியாமல் போவதற்கும் தனிப் பிரிவுகள் இருந்தன. என் புத்தகத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. 4,80,000 ரூபாய்!

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. முகவர் வாயால் சொல்வதை நிறுவனத்தின் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பொருட்சேதம் இல்லாமல் பணம் கிடைக்குமா என்று நேராகக் கேளுங்கள். மறுப்புக் கடிதம் வந்தவர்கள் அதன் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் தேனாம்பேட்டையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; தனிநபர் உரிமைக் கடைகளின் புகாரையும் எடுத்துக்கொள்கிறார்கள், கட்டணம் கிடையாது. என் மனுவைத் தட்டச்சு செய்யக் கொடுத்திருக்கிறேன்.